ஓரம் வெட்டாத படம்

எங்கள் கடையில் பொம்மைகளுக்குப் புடவை கட்டுகிறவராக இருந்தார் கங்காதரன். தி.நகரில் ஐந்து மாடி ஜவுளிக்கடை. ஒரு பட்டுப்புடவையை உதறி, நாலே குண்டூசியில் நிறுத்தி, இரண்டடி தள்ளி நின்று ஒற்றைக் கண்ணை மூடிப் பார்ப்பார். மனசுக்குப் பிடிக்கவில்லை என்றால் மொத்தத்தையும் அவிழ்த்து மறுபடி கட்டுவார். அந்தப் பொம்மை என்ன முகூர்த்தத்துக்கா போகப்போகிறது என்று கிண்டல் செய்வேன். கோபித்துக்கொள்ளவே மாட்டார். எனக்குத்தான் எதற்கெடுத்தாலும் மூக்குக்கு மேல் கோபம். நான் ஜஹீதா, தரைத்தளத்தில் கிஃப்ட் பேக்கிங் கவுன்ட்டர். பதினோரு வருஷமாக வண்ணக் காகிதமும் ரிப்பனும்தான் என் பிழைப்பு.

அவருக்கு வீடு சைதாப்பேட்டையில். மனைவி தவறிப்போன பிறகு ஒரே மகள் மதுமதிதான் அவருக்கு எல்லாம். அவள் நானூறு மீட்டர் ஓடுகிறவள். விடிகாலையில் அவளை சைக்கிளில் நந்தனம் மைதானத்துக்குக் கூட்டிப்போய், ஓடி முடிக்கிறவரை அவள் செருப்பையும் தண்ணீர் பாட்டிலையும் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டுத்தான் கடைக்கு வருவார். போட்டியில் நெஞ்சில் குத்திக்கொள்ளும் நம்பர் துணி, ஓட்ட ஷூவின் தேய்ந்துபோன ஸ்பைக்ஸ் ஆணி, தேசியப் போட்டிக்கு ராஞ்சி போன ரயில் டிக்கெட் என்று அவள் உதறிப்போட்டதை எல்லாம் ஒரு பிஸ்கட் டப்பாவில் சேர்த்துவைத்திருந்தார்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் விளையாட்டு ஒதுக்கீட்டில் அவளுக்கு ஓர் அரசு வேலை கூடிவந்தது. ஓட்டத் தேர்வில் முதலாவதாக வந்துவிட்டாள். சான்றிதழ் சரிபார்ப்பு ஒன்றுதான் பாக்கி. வயது வரம்புப்படி அவளுக்கு அதுதான் கடைசி வாய்ப்பும்கூட. கங்காதரனுக்குக் கால் தரையில் பாவவில்லை. சரிபார்ப்புக்கு முந்தின வாரம் அவளுக்குப் பிறந்தநாள் வந்தது. அவள் ஓடினது அத்தனையும் ஒரே ஆல்பத்தில் வைத்துக் கொடுக்கணும், நீதான் கூட இருந்து செய்யணும் என்று என்னைப் பிடித்துக்கொண்டார்.

கடை திறப்பதற்கு முன்னால், பத்து நாள், என் கவுன்ட்டரில்தான் வேலை நடந்தது. பசையும் ரிப்பனும் நான் கொடுத்தேன். யோசனை எல்லாம் அவருடையது. நடுவில் எதிரெதிரே இரண்டு பக்கம் எடுத்துக்கொண்டு, செங்கல் நிற சார்ட்டில் ஓடுபாதையை வளைத்து வெட்டி ஒட்டினார். பாதை நெடுக அவள் படங்கள். தொடக்கக் கோட்டில் பள்ளிக்கூடப் பாவாடையில் ஒரு வாண்டு, முடிவுக் கோட்டில் கையை விரித்துக்கொண்டு பாயும் பெண். நடுவே பச்சைக் காகிதம் ஒட்டிப் புல்வெளி. அதில் சான்றிதழ்கள்.

சான்றிதழ்களின் மேலே அச்சடித்திருந்த நம்பரும், கீழே மை அப்பிக் கிடந்த முத்திரையும், கிறுக்கிய கையெழுத்தும் அவர் கண்ணை உறுத்தின. அதையெல்லாம் வெட்டிவிட்டு அவள் பெயர் மட்டும் தெரிகிற மாதிரி முட்டை வடிவில் வைத்தால் எப்படி இருக்கும் என்றார். எனக்குக் கொஞ்சம் திக்கென்றது. ஒரிஜினலா என்று கேட்டேன்.

“ஐயே, இது நீல ஃபைல்ல இருந்த ஜெராக்ஸுமா. ஒரிஜினல் லேமினேஷன் போட்டு பீரோல பத்திரமா கீது.”

நம்பினேன். என் வீட்டில் கல்யாணப் பத்திரத்திலிருந்து பிள்ளையின் மார்க் ஷீட் வரைக்கும் லேமினேஷன் போட்டதுதான் அசல். ஓரத்தைப் பல் பல்லாக வெட்டுகிற என் கத்திரிக்கோலை நான்தான் அவர் கையில் கொடுத்தேன். விழுந்த துணுக்குகளைப் பெருக்கிக் குப்பைக்கூடையில் போட்டதும் இந்தக் கைதான். நாசமாய்ப் போன கை.

பிறந்தநாளன்று மதியம் மதுமதி கடைக்கு வந்தாள். ஆல்பத்தைப் பிரித்து, ரயில் டிக்கெட்டைப் பார்த்துச் சிரித்தாள். நம்பர் துணியைத் தடவிப் பார்த்துக் கண் கலங்கினாள். ஓடுபாதைப் பக்கம் வந்ததும் அவள் விரல் நின்றுவிட்டது.

“நைனா, இது நீல ஃபைல்ல இருந்ததா?”

“ஆமாம்மா, ஜெராக்ஸ்தானே. லேமினேஷன் போட்டதுல கை வைக்கல.”

அவள் ஆல்பத்தை மூடினாள். அப்புறம் அவரைப் பார்க்காமல் என்னிடம் சொன்னாள்.

“ஒரிஜினலுக்கு லேமினேஷன் போட்டா ஆபீஸ்ல வாங்க மாட்டாங்கன்னு கோச் சொன்னாரு ஆன்ட்டி. செவுத்துல மாட்டத்தான் கலர் ஜெராக்ஸ் எடுத்து லேமினேஷன் போட்டேன்.”

கங்காதரன் அப்போதும் சிரித்துக்கொண்டுதான் நின்றார். அவருக்கு உறைக்கக் கொஞ்சம் நேரம் ஆனது. உறைத்ததும் கடையின் பின்பக்கம் ஓடினார். மதுமதி வந்து கையைப் பிடித்து இழுக்கிறவரை குப்பைத்தொட்டிக்குள் குனிந்தே நின்றார். துணுக்குகள் போய் நாலு நாள் ஆகியிருந்தது.

மாநிலப் போட்டிச் சான்றிதழ்களுக்கு நகல் கிடைத்தது. வேலைக்குக் கணக்கில் வருவது தேசியப் போட்டிச் சான்றிதழ் ஒன்றுதான். அதைக் கொடுத்த சங்கம் இதற்குள் இரண்டாக உடைந்திருந்தது, கையெழுத்துப் போட்டவர் இறந்துபோயிருந்தார். இவர்கள் அவர்களைக் கேள் என்றார்கள், அவர்கள் இவர்களைக் கேள் என்றார்கள். அதற்குள் சரிபார்ப்பு நாள் வந்துவிட்டது. சரிபார்ப்புக்கு ஆல்பத்தையே கடைப்பையில் போட்டு எடுத்துப்போனார் கங்காதரன். அந்த அதிகாரி ஓடுபாதைப் பக்கத்தை வெகுநேரம் பார்த்தாராம். ரொம்ப அழகாகச் செய்திருக்கிறீர்கள், ஆனால் நம்பரும் முத்திரையும் இல்லாமல் நான் என்ன செய்யமுடியும் என்றாராம். அவரைக் குறை சொல்ல முடியாது.

மதுமதி அப்பாவை ஒரு வார்த்தை திட்டவில்லை. என்னையும் திட்டவில்லை. அந்த இடத்தில் நானாக இருந்திருந்தால் தெருவையே கூட்டியிருப்பேன்.

“திட்டித் தொலைச்சிருந்தா தேவல ஜஹீதாம்மா,” என்றார் ஒருநாள். “சோறு போட்டுட்டு, சாப்டு நைனான்னுது. எப்டிம்மா எறங்கும்?”

அதன் பிறகு அவர் கத்திரிக்கோலைத் தொடவில்லை. மேனேஜரிடம் கேட்டு குடோனுக்கு மாறிக்கொண்டார். இப்போது பொம்மைகளுக்கு வேறு யாரோ கட்டுகிறார்கள். மடிப்பு கோணல்மாணலாகக் கிடக்கிறது. பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது, அழுகையும் வருகிறது.

போன மாதம் மதுமதி ஆல்பத்தோடு வந்தாள். அசோக் நகரில் ஒரு தனியார் பள்ளியில் தற்காலிகப் பயிற்சியாளராக இருக்கிறாள். அவள் பயிற்சி கொடுக்கிற பிள்ளைகள் ரிலே ஓட்டத்தில் ஜெயித்திருக்கிறார்கள், அவர்களுக்கு நடுவில் அவள் நிற்கிற படம் கையில் இருந்தது. ஆல்பத்தின் கடைசிப் பக்கம் காலியாகத்தான் கிடந்தது. அந்த அரசு வேலை கிடைத்து அவள் சீருடையில் நிற்கும் படத்துக்கென்று கங்காதரன் விட்டுவைத்த பக்கம் அது. அதில்தான் இதை ஒட்டவேண்டும், நைனாதான் ஒட்டவேண்டும் என்றாள். குடோனிலிருந்து அவரைக் கூப்பிட்டு வந்தேன்.

படம் பக்கத்தைவிட இரண்டு விரல் பெரியது. நான் கத்திரிக்கோலை நீட்டினேன். அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

“வெறும் போட்டோதான் நைனா. ஓரத்த வெட்டிக்க.”

“வேணாம்மா. எதுல இன்னா கீதோ, எனக்கு இன்னா தெரியும்.”

முழுப் படத்தையும் அப்படியே ஒட்டினார். அது ஆல்பத்துக்கு வெளியே இரண்டு விரல் நீட்டிக்கொண்டிருந்தது. அந்த ஓரம் மடங்காமல் கையால் மறைத்துப் பிடித்துக்கொண்டு மதுமதி பஸ்ஸுக்குப் போனாள்.