துப்பாக்கியை ஒப்படைத்த பிற்பகல்

வங்கி வாசலில் பதினாறு வருடம் துப்பாக்கியோடு நின்ற காவலாளியை எல்லோரும் ‘வாசல் அண்ணன்’ என்றே கூப்பிட்டார்கள். துப்பாக்கி அவருடைய சொந்தம், லைசென்ஸும் அவர் பெயரில். வங்கியில் அதிர்ந்து ஒரு வார்த்தை பேசமாட்டார். வீட்டில் அவர் வேறு ஆள் என்பது மனைவிக்கும் பத்து வயது மகளுக்கும் மட்டுமே தெரியும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, போனை எடுக்கத் தாமதித்தாள் என்று மனைவியின் கையை முறுக்கினார். மணிக்கட்டு எலும்பு முறிந்தது. அவள் தையல்காரி, கைதான் பிழைப்பு. மாவுக்கட்டோடு நேராகக் காவல் நிலையத்துக்குப் போனாள்.

வழக்கு கோர்ட்டுக்கு வந்தது. “ஒத்துக்கோங்கண்ணே, அபராதத்தோட போயிடும்” என்றார் வங்கிக் காசாளர்.

“குத்தவாளின்னு பதிவானா துப்பாக்கி லைசென்ஸ் போயிடும், யோசிங்க” என்றார் அவருக்காக வாதாட வந்த வக்கீலம்மா.

காசாளர் சொன்னதுதான் காதில் ஏறியது. ஒத்துக்கொண்டார்.

சிறை இல்லை, ஒரு வருட நன்னடத்தைப் பிணையில் போகலாம் என்றார் நீதிபதி. அப்பாடா என்று மூச்சுவிடுவதற்குள் மீதி உத்தரவும் வந்தது. வீட்டிலிருந்து இருநூறு மீட்டருக்குள் வரக்கூடாது. மகளைச் சனிக்கிழமை ஒரு மணி நேரம், நன்னடத்தை அதிகாரி முன்னிலையில்தான் பார்க்கலாம். அன்றே ஐந்து மணிக்குள் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்க வேண்டும்.

நான்கு மணிக்குத் துப்பாக்கியை உறையில் போட்டுக்கொண்டு வங்கியிலிருந்து கிளம்பினார். சட்டைப்பையில் இரண்டு தோட்டாக்கள். நேர்வழி அவர் தெருமுனையைத் தொட்டுப் போகும். சுற்றிப் போயிருக்கலாம். ‘என் வீட்டுக்கு நான் வரக்கூடாதா?’ என்று உள்ளுக்குள் கொதித்தது. நேராகவே நடந்தார்.

முனையிலிருந்து மூன்றாவது வீடு. ஜன்னலோரம் தையல் மெஷினில் இருந்த மனைவி நிமிர்ந்தாள். உறை என்றாலும் உள்ளே இருப்பது எது என்று அவளுக்குத் தெரியாதா? ஒற்றைக் கையால் ஜன்னலை இழுத்தாள், அசையவில்லை. அவர் ஓரடி முன்னே வைத்தார்.

மகள் ஓடிவந்தாள். அப்பாவைப் பார்த்தாள். கூப்பிடவில்லை. இரண்டு கையாலும் ஜன்னலை இழுத்துத் தாழ் போட்டாள். அந்த முகத்தைப் பார்த்ததும் வைத்த அடியைப் பின்னால் எடுத்தார். வந்த வழியே திரும்பி, சுற்றுப்பாதையில் ஓடினார்.

நிலையத்தை அடைந்தபோது ஐந்தாக ஆறு நிமிடம்.

“ஏன்யா இப்படி மூச்சு வாங்குது?” என்றார் இன்ஸ்பெக்டர்.

“எங்க தெரு முனை வரைக்கும் போயிட்டேன் சார். இதோட” என்று உறையை மேசைமேல் வைத்தார்.

“இத நான் எழுதினா நீ உள்ள போகணும். தெரியும்ல?”

“எழுதுங்க சார்.”

பத்து நாள் சிறை கிடைத்தது. வங்கி வேலை போனது. விண்ணப்பத்தில் ‘தண்டனை உண்டா?’ என்ற கேள்விக்கு ‘ஆம்’ என்று எழுதியதும் மூன்று இடத்தில் கையை விரித்தார்கள். கடைசியில் ஓடு விற்கும் கிடங்கில் சுமை இறக்கும் வேலை கிடைத்தது. எட்டுச் சனிக்கிழமை மகள் வரவில்லை. ஒன்பதாவது வாரம் வந்து, அதிகாரியின் பக்கத்து நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தாள்.

வருடம் முடிந்ததும் தடையை நீக்கலாமா என்று நீதிபதி மனைவியைக் கேட்டார்.

“வேணாங்கய்யா. எனக்கு இன்னும் பயம் போகல.”

“தடை நீடிக்கறதுல உங்களுக்கு ஆட்சேபணை உண்டா?” என்று அவர் பக்கம் திரும்பினார் நீதிபதி.

வக்கீலம்மா எழுந்திருப்பதற்குள் அவரே சொன்னார்: “இல்லைங்கய்யா. இருக்கட்டும்.”