தலைப்பில் இருந்த பெயர்

பாளையம்பட்டியில் டவுன் பஸ் ஏறும்போது செய்தி வந்தது. எங்கள் ரத்தப் பரிசோதனை நிலையத்தின் வாட்ஸப் குழுவில் மேலாளர் போட்டிருந்தார்: "நமது டைப்பிஸ்ட் கிருஷ்ணவேணி மாரடைப்பால் காலமானார்." எனக்கு அழுகைக்கு முன்னால் கோபம்தான் வந்தது. டைப்பிஸ்டாம்!

கூட வேலை பார்த்த உங்களுக்குத் தெரியும். வேணிக்கா டைப் அடிக்கத்தான் சேர்ந்தார். நரிக்குடி, திருச்சுழி, காரியாபட்டி முகாம்களின் ரத்த முடிவுகளை ஒவ்வொன்றாகப் பெயர் மாற்றி, ஊர்வாரியாக ஃபோல்டரில் போடவேண்டும். மூன்று பேர் சாயங்காலம் வரை மாரடிப்போம். ஒருநாள் வேணிக்கா, கம்ப்யூட்டருக்குக் கட்டளை அடிக்கும் லினக்ஸின் கருப்புத் திரையைத் திறந்துவைத்துக்கொண்டு, "ஏத்தா சாந்தி, ஒரே வேலைய நாமளே நூறு தடவ செய்யணும்னா இந்த டப்பா எதுக்கு?" என்று என்னைக் கேட்டார். யாரும் அவருக்குச் சொல்லித்தரவில்லை. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஒரு நோட்டில் நாளுக்கு ஒரு கட்டளை எழுதிப் பழகினார். தேடுவது, அடுக்குவது, ஒரு கட்டளையின் விடையை இன்னொன்றின் கையில் கொடுப்பது. நாலைந்து மாதத்தில் எல்லாவற்றையும் கோத்து ஒரு ஸ்கிரிப்ட் எழுதிவிட்டார். எங்கள் ஒருநாள் வேலை டீ ஆறுவதற்குள் முடிந்தது. தலைப்பில் 'எழுதியது: கிருஷ்ணவேணி' என்று குறிப்பும் வைத்திருந்தார்.

அவர் சறுக்கியதையும் சொல்கிறேன். மறைத்தால் அவருக்கே பிடிக்காது. எங்கள் ஆபீசில் எதையும் அழிக்க யாருக்கும் மனசு வராது. பெயருக்குப் பின்னால் 'பழசு' என்று சேர்த்து அப்படியே வைத்துவிடுவோம். அப்படி 'காரியாபட்டி' பக்கத்தில் 'காரியாபட்டி பழசு' கிடந்தது. அதை அழிக்க அவர் எழுதிய வரியில் மேற்கோள் குறி விட்டுப்போயிற்று. குறி இல்லாவிட்டால், நடுவில் இருக்கும் இடைவெளியில், கட்டளையை வாங்கிச் செய்யும் ஷெல் பெயரை இரண்டாக வெட்டிவிடும். 'காரியாபட்டி'யைச் சுத்தமாக அழித்துவிட்டு, 'பழசு' என்று எதுவுமே இல்லை என்றது. குப்பை பத்திரமாக இருந்தது, புது முகாமின் முடிவுகள் போய்விட்டன.

மேலாளர் ஹாலே கேட்கக் கத்தினார்: "எல்லாத்தையும் வேணி அழிச்சிருச்சு!"

"தப்பு என்னோடதுதான் சார். முடிவெல்லாம் ரத்தம் பாக்குற மிஷின்ல இருக்கு, எடுத்துத் தாரேன்" என்றார் வேணிக்கா. எடுத்தும் தந்தார். பிறகு என்னிடம் சொன்னார்: "அழிக்கிற வரிக்கு முன்னாடி எக்கோ போடு. என்ன செய்யப்போறேன்னு அது மொதல்ல திரையில சொல்லட்டும். வாசிச்சுப் பாத்துட்டு அப்புறம் செய்ய விடு."

அடுத்த மாதம் மதுரையிலிருந்து முதலாளி வந்தார். மேலாளர் ஸ்கிரிப்டைத் திறந்து, ஓட்டிக் காட்டி, "நான் உருவாக்குனது சார்" என்றார். கூசாமல் சொன்னார்! திரையில் தலைப்புக் குறிப்பைக் காணோம். வேணிக்கா என்னைப் பார்த்தார். நான் டீ கிளாசைப் பார்த்தேன். தப்பு நடந்தபோது ஹாலே கேட்கச் சொன்ன பெயரை, வேலை நடந்தபோது ஒரு வரியில்கூட விட்டுவைக்கவில்லை. பக்கத்தில் நின்ற நானும் வாயைத் திறக்கவில்லை.

"பேரு போனாப் போகுது. மேற்கோள் குறியில கைய வைக்காம இருந்தாச் சரி" என்று அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பின் மேலும் எனக்குக் கோபம் உண்டு. ஏன் விட்டுக்கொடுத்தீர்கள் அக்கா?

நேற்று ஆபீசில் இரங்கல் கூட்டம். "அமைதியான டைப்பிஸ்ட்" என்று மேலாளர் உருகிக்கொண்டிருந்தார். பக்கத்து அறையில் வேணிக்காவின் ஸ்கிரிப்ட் ஓடிக்கொண்டிருந்தது. என்னால் உட்கார முடியவில்லை. எழுந்தேன்.

"அந்த ஸ்கிரிப்டு அவுக எழுதுனது சார். நீங்க எழுதல."

நான் நேரே என் இடத்துக்குப் போய் அந்தக் கோப்பைத் திறந்தேன். குறிப்பாக வைத்தால் திறந்து பார்ப்பவர் கண்ணில் மட்டும்தான் படும். அதனால் எக்கோ போட்டு ஒரு வரி சேர்த்தேன். இன்று காலை ஸ்கிரிப்ட் ஒரு கோப்பையும் தொடுவதற்கு முன்னால், எல்லோர் திரையிலும் 'எழுதியது: கிருஷ்ணவேணி' என்று சொல்லிவிட்டுத்தான் வேலையைத் தொடங்கியது.

யாராவது எடுத்தால் மறுபடி போடுவேன். அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அந்த ஒரு பழக்கம்தான்: முதலில் சொல்ல வேண்டும். நான் மூன்று வருஷம் பிந்திச் சொல்லியிருக்கிறேன்.