மண் ஒட்டிய கை

விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் பொம்மைப் பட்டறையில் பில் போடுபவள் அஜீஸா. ஆள் குறைந்தால் அச்சிலிருந்து பொம்மை எடுக்கவும் போய்விடுவாள். அவள் விரல்களில் எப்போதும் வெள்ளை மண் ஒட்டியிருக்கும். அதனால், புதிதாக வாங்கிய மடக்கு லேப்டாப்பில் கீபோர்டு வேலை செய்யவில்லை என்றதும் முதலாளி பாலகிருஷ்ணன் யோசிக்கவே இல்லை.

"உன் கை மண்ணுதாம்மா உள்ள பூந்துடுச்சி. இனிமே ஸ்கிரீனைத் தொட்டே பில்லு போடு."

ஒற்றை விரலால் குத்திக் குத்தி ஒரு பில் முடிப்பதற்குள் அஜீஸாவுக்கு ரத்தம் கொதித்தது. நேற்றுவரை சொன்னபடி கேட்ட கீபோர்டுதானே! திரையின் ஓரத்தைத் தட்டிப் பார்த்தாள். 'டேப்லெட் மோடு' என்ற கட்டம் நீலமாக எரிந்தது; அது எரிந்தால் தொடுதிரை மட்டும்தான், கீபோர்டு வேலை செய்யாது. நேற்று சாயங்காலம் திட்டக்குடி வியாபாரிக்குப் பொம்மைப் படம் காட்ட, திரையைப் பின்னால் மடக்கி அதைத் தட்டிவிட்டது யாரென்று உடனே ஞாபகம் வந்தது.

கட்டத்தைத் தொட்டு அணைத்தாள். கீபோர்டுக்கு உயிர் வந்துவிட்டது.

"மறுபடியும் கீபோர்டுலயா? மொதல்ல கையக் கழுவிட்டு வாம்மா" என்று அதட்டினார் முதலாளி.

"கழுவ மாட்டேங்க."

பத்து விரலாலும் படபடவென்று அடித்து, லேப்டாப்பை அவர் பக்கம் திருப்பி வைத்தாள்.

'மண்ணு இருந்தது என் கையிலதான். டேப்லெட் மோடைப் போட்டது உங்க கை.'