ராம்ப் வைக்க இடமில்லாத நாலு சென்ட்

மலைமேல் உள்ள சாந்தன்பாறைப் பக்கம் மாற்றல் உத்தரவு வந்ததும் எலப்புள்ளியில் என் வீட்டில் ஸ்வெட்டரைப் பற்றியும் அட்டைக்கடியைப் பற்றியும்தான் பேச்சு. வேலையைப் பற்றி யாருக்கும் கவலையில்லை. எனக்கும் இல்லை. பஞ்சாயத்து ஓவர்சியருக்கு எந்த ஊரானால் என்ன? டேப்பைப் பிடி, அளந்து எழுது, கையெழுத்துப் போடு. எங்கள் ஊரில் தரை தோசைக்கல் மாதிரி இருக்கும். அங்கே பிடித்த டேப்பை மலையிலும் பிடித்தால் போதும் என்று நினைத்துக்கொண்டு போனேன். முதல் சைட்டிலேயே கால் வழுக்கி, டேப்போடு ஒரு ஏலச்செடியின் மேல் உட்கார்ந்தேன்.

இப்போது ரிட்டையர் ஆகி வீட்டில் இருக்கிறேன். புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஓவர்சியர் பிள்ளைகள் சிலர் போனில் சந்தேகம் கேட்பார்கள். எஸ்டிமேட் சந்தேகம் என்றால் புத்தகத்தைப் பார் என்று சொல்லிவிடுவேன். புத்தகத்தில் இல்லாதது ஒன்று உண்டு. அதை எனக்குக் காட்டியது சூசையின் வீடு.

அரிசி மூட்டைக்கு வந்த வீல்சேர்

சூசை ஏலத்தோட்டத்தில் மரம் ஏறுகிறவர். நிழல் அதிகமானால் ஏலம் காய்க்காது. அதனால் பெரிய மரங்களில் ஏறிக் கிளை கழிக்க வேண்டும். அப்படி ஏறிய ஒரு மரத்திலிருந்து விழுந்து முதுகெலும்பு உடைந்தது. இடுப்புக்குக் கீழே அசைவில்லை. நான் பார்த்தபோது நாற்பதை நெருங்கிய ஆள். நல்ல குரல், அதைவிட நல்ல வாய்.

மாநில அரசின் வீட்டுத் திட்டத்தில், மாற்றுத்திறனாளி என்ற முன்னுரிமையில் அவருக்கு வீடு சாங்ஷன் ஆகியிருந்தது. இடத்தைப் பார்த்து, பிளானைக் குறித்து, அஸ்திவாரம், லிண்டல், கூரை என்று ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் நான் சர்ட்டிபிகேட் கொடுத்தால்தான் அடுத்த தவணை வரும். அதற்காக முதல்முறை எஸ்டேட் லயத்துக்குப் போனேன். லயம் என்றால் தொழிலாளர்களுக்கு எஸ்டேட் கட்டிக்கொடுத்த வரிசை வீடுகள். கல்படிகளில் மூச்சு வாங்க இறங்கி உள்ளே போனால், புத்தம்புது வீல்சேர் ஒன்றில் அரிசி மூட்டை உட்கார்ந்திருந்தது. சூசை பாயில் உட்கார்ந்திருந்தார்.

"ஏனுங்க, வீல்சேர் மூட்டைக்கா வந்துச்சு?" என்றேன்.

"தரையில வச்சா அரிசிக்கு ஈரம் ஏறிரும் மேடம். எனக்கு என்ன, ஏறட்டும்" என்றார்.

அவர் மனைவி லூர்து கறுப்புக் காப்பி கொண்டுவந்தாள். அரசாங்கம் ஒன்றும் செய்யாமல் இல்லை. மெடிக்கல் போர்டு சர்ட்டிபிகேட் வந்தது, பென்ஷன் வந்தது, கேம்ப்பில் வீல்சேர் வந்தது. படுக்கையில் கிடப்பவர்களை வீட்டிலேயே பார்க்கும் பாலியேட்டிவ் நர்ஸ் மாதாமாதம் வந்தார். எல்லாம் அவரைத் தேடி வந்தன. அவர் மட்டும் எங்கும் போகவில்லை, லயத்தைச் சுற்றி எல்லாப் பக்கமும் படி.

"அப்ப ஆஸ்பத்திரிக்கு எப்படிப் போவீங்க?"

"தூக்குவாக" என்றார் சூசை. சொல்லி வைத்தாற்போல் வாசலில் நாலு பேர் வந்து நின்றார்கள். அவர்களின் தலைவர் மாரிச்சாமி. சூசையோடு மரம் ஏறிக் கிளை கழித்தவர். ஒரு மரநாற்காலியின் இரு பக்கமும் மூங்கில் கட்டி வைத்திருந்தார்கள். ஆஸ்பத்திரி, கோயில், தேர்தல் எதுவானாலும் அதில் வைத்து ரோடு வரைக்கும் தூக்கிவிடுவார்கள். ஒருமுறைகூடக் கீழே போட்டதில்லை என்று மாரிச்சாமி பெருமையாகச் சொன்னார்.

அவர்கள் போனபின், வீட்டில் என்னென்ன வேண்டும் என்று கேட்டேன். அகலக் கதவு, பாத்ரூமில் கைப்பிடி என்று சொல்வார் என நினைத்தேன்.

"காரணம் இல்லாம ரோட்டுக்குப் போவணும் மேடம்."

எனக்குப் புரியவில்லை.

"நல்ல பயலுக. கூப்பிட்டா வேலைய விட்டுட்டு வந்துருவாக. ஆனா நாலு பேரக் கூப்பிடணும்னா ஒரு காரணம் சொல்லணும்ல? ஆஸ்பத்திரிம்பேன், கோயில்ம்பேன். போர் அடிக்கிது, பஸ்ஸு போறதப் பாக்கணும்னு நாலு ஆம்பளையத் தூக்கச் சொல்ல முடியுமா?"

நான் குறிப்பேட்டில் 'ராம்ப்' என்று எழுதிக்கொண்டேன். கெட்டிக்காரத்தனமாக எழுதிவிட்டதாக எனக்கே ஒரு திருப்தி.

ராம்ப் இருக்கிறது, வழிதான் இல்லை

விபத்துக்குக் கிடைத்த நஷ்டஈட்டில் பஞ்சாயத்து ரோட்டை ஒட்டி நாலு சென்ட் வாங்கியிருந்தார்கள். ஒட்டி என்றால் கீழே ஒட்டி. ரோட்டில் நின்றால் இடம் தெரியாது, எட்டிப் பார்த்தால்தான் தெரியும். சரிவின் அடியில் மண்ணை வெட்டிச் சமமாக்கி, அங்கே வீடு. ஆபீஸ் ஸ்டாண்டர்டு பிளானும் அதைத்தான் சொன்னது. நானும் சுண்ணாம்புப் பொடி போட்டு மார்க் செய்துவிட்டு வந்தேன்.

வரும்போது, மட்டம் பார்க்கத் தண்ணீர் நிரப்பிய ட்யூப் லெவல் பிடித்துப் பார்த்தேன். ரோட்டுக்கும் வீட்டுத் தரைக்கும் பன்னிரண்டு அடி வித்தியாசம். வீல்சேர் தானாக ஏற வேண்டுமானால் ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் ராம்ப் வேண்டும். கணக்குப் போட்டதும் தலையில் கை வைத்தேன். நூற்று நாற்பத்து நாலு அடி. வளைத்து வளைத்துக் கட்டினாலும் நாலு சென்ட்டை ராம்ப்பே தின்றுவிடும். ராம்ப் கட்டினால் வீடு இல்லை, வீடு கட்டினால் ராம்ப் இல்லை.

எங்கள் ஏ.ஈ., அதாவது அசிஸ்டன்ட் எஞ்சினியர், ஆலப்புழைக்காரர். நல்ல மனிதர், ஆனால் ஃபைல் அசைந்தால் அவருக்குக் காய்ச்சல் வரும்.

"ஓவர்சியரே, பிளான்ல ராம்ப் உண்டல்லோ" என்றார்.

"அது திண்டுல இருந்து முற்றத்துக்குங்க சார். முற்றத்துல இருந்து ரோட்டுக்கு இருபது படி."

"ரூல்ல வீட்டுக்கு ராம்ப் வேணும்னு தான் சொல்லியிருக்கு. ரோட்டுக்குன்னு இல்ல. இனி பிளான் மாத்தினா ரிவைஸ்டு எஸ்டிமேட், டெக்னிக்கல் சாங்ஷன்… மழைக்கு முன்ன வேலை தொடங்கலேன்னா அந்தப் பாவம் மனுஷனுக்கு இந்த வருஷம் வீடே கிடைக்காது."

அவர் சொன்னதில் தப்பில்லை என்பதுதான் எனக்கு எரிச்சல். எஸ்டேட் அந்த லயத்தை இடிக்கப் போகிறது என்ற பேச்சு வேறு. வீடு கிடைத்தால் போதும் என்று சூசையிடம் சொல்லிவிடலாமா என்றுகூட நினைத்தேன். நினைத்தேனே தவிர, அந்த வீட்டுக்குள் அவர் எப்படி உட்கார்ந்திருப்பார் என்று யோசித்ததும் மனசு ஒப்பவில்லை. லயத்திலாவது நாலு பேர் பக்கத்தில் இருந்தார்கள். புது வீட்டில் அவர்களும் இருக்க மாட்டார்கள்.

விழுந்த டீ கிளாஸ்

அன்று சாயங்காலம் சூசையின் இடத்துக்குப் பக்கத்து வளைவில் இருந்த டீக்கடையில் ஜீப்புக்காகக் காத்திருந்தேன். பலகைத் தரை. பெஞ்சில் வைத்த டீ கிளாஸை முழங்கை தட்டிவிட்டது. கிளாஸ் உருண்டு இரண்டு பலகைக்கு நடுவே நுழைந்து காணாமல் போனது. உடையும் சத்தத்துக்குக் காத்திருந்தேன். உடனே வரவில்லை. எட்டிப் பார்த்தால் கடைக்குக் கீழே பள்ளம், பள்ளத்தில் இரண்டு ஆடுகள்.

கடை முழுக்கக் காலில் நின்றது. முன்பக்கம் ரோட்டு மட்டம், பின்பக்கம் நெட்டைத் தூண்கள். அந்த ரோட்டில் பாதிக் கடைகள் அப்படித்தான் நிற்கின்றன. நான் தினமும் அங்கேதான் டீ குடிக்கிறேன். வீடு என்றால் முதலில் மண்ணை வெட்ட வேண்டும் என்று எலப்புள்ளி மூளை சொன்னதால் என் கண்ணில் படவில்லை. ரோட்டில் இருந்து சூசை இறங்க வேண்டாம், வீடு ரோட்டுக்கு ஏறி வரட்டும்.

மறுநாள் ஏ.ஈ. சாரை அதே பெஞ்சில் உட்காரவைத்து, "கீழே பாருங்க சார்" என்றேன். பார்த்தார். பெஞ்சை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"இந்தக் கடைக்கு பில்டிங் பெர்மிட் உண்டோ?"

கடைக்காரர் அடுப்பை அப்படியே விட்டுவிட்டு எங்கோ போய்விட்டார். அவர் திரும்பி வருவதற்குள் நான் சாருக்குக் கணக்கைச் சொன்னேன். தூணுக்கும் பீமுக்கும் கம்பியும் சிமென்டும் கூடும், உண்மைதான். ஆனால் மண் வெட்ட வேண்டாம். வெட்டினால் அல்லவா சரிவு இடியாமல் பின்னால் ரீட்டைனிங் வால் கட்ட வேண்டும்? அதுவும் வேண்டாம். கல், மணல் எதையும் தலைச்சுமையாகக் கீழே இறக்க வேண்டாம், லாரி வாசலிலேயே கொட்டிவிடும். ரோட்டுக்கும் வாசலுக்கும் நடுவே ஒரு பாலம், பத்தடி ஸ்லாப், இரண்டு பக்கமும் கைப்பிடி. அவ்வளவுதான்.

சார் என் பேனாவை வாங்கினார். அந்த ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து தூண் டிசைனை அவரே போட்டார். ஃபைலைத் தானே கையில் எடுத்துக்கொண்டு மேலாபீஸுக்குப் போய் வந்தார். அவருக்குக் காய்ச்சல் எதுவும் வரவில்லை. மழைக்கு முன்னால் தூண் குழி எடுத்துவிட்டோம்.

மாரிச்சாமியின் கோபம்

எல்லோருக்கும் சந்தோஷம் என்று நினைத்தால், மாரிச்சாமி சைட்டுக்கு வந்து பாலத்துக் கான்கிரீட்டுக்கு அடித்த பலகையைப் பார்த்துவிட்டு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்.

"இது எதுக்கு மேடம்? நாங்க தூக்க மாட்டோம்னு எப்பச் சொன்னோம்?"

"நீங்க தூக்குவீங்க. யாரு இல்லைன்னா?"

"பொறவு? எங்க தோளு வலிக்கிதுன்னு சூசை சொன்னானா?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "வீல்சேரைத் தள்ளுற வேலை அவரு தோளுக்கு வேண்டாமாங்க?" என்று கத்திவிட்டேன். அவர் திரும்பி நடந்து போய்விட்டார். மறுநாள் முதல் நாலு பேரும் லயத்தில் சூசையின் வீட்டுப் பக்கமே வருவதில்லை என்று லூர்து வந்து அழுதாள். எனக்குச் சங்கடமாகிவிட்டது. சூசையைப் பார்க்க வர அவர்களுக்கு இருந்த ஒரே சாக்கையும் நான் பிடுங்கிவிட்டேனோ என்று தோன்றியது.

மெயின் ஸ்லாப் கான்கிரீட் போட்ட அன்று ஆள் பற்றவில்லை. கான்கிரீட்டை நடுவில் நிறுத்தக் கூடாது. லூர்து ஓடிப்போய்ச் சொன்னதும் நாலு பேரும் வந்து கலவைச் சட்டியைப் பிடித்தார்கள். இருட்டுவதற்குள் முடித்துக்கொடுத்தார்கள். பாலத்து ஸ்லாப்பில் மட்டும் ஒரு சட்டிகூடப் போடவில்லை. அதை மேஸ்திரி தனியாக இன்னொரு நாள் போட்டார்.

வீட்டுக்காரரைக் காணோம்

வீடு மந்திரிக்க, அதாவது ஜெபம் சொல்லி ஆசீர்வதிக்க, ஃபாதர் வந்தார். வார்டு மெம்பர், ஏ.ஈ. சார், லயத்து ஆட்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். மாரிச்சாமி ஆட்களோடு சூசையை நாற்காலியில் தூக்கி ஜீப்பில் ஏற்றிக் கொண்டுவந்தார். புது வீட்டு வாசலில் சூசை வீல்சேருக்கு மாறினார். மாரிச்சாமி சூசையிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை, ஆனால் மூங்கில் கட்டிய நாற்காலியையும் விடவில்லை.

மந்திரித்து முடிந்தது. பாயசம் கொடுத்தார்கள். ஏ.ஈ. சார் தூண்களை எல்லோருக்கும் காட்டி விளக்கிக்கொண்டிருந்தார். ஃபாதர், "குடும்பத்தோட ஒரு போட்டோ எடுத்துக்கலாம்" என்றதும்தான் பார்த்தோம், சூசை இல்லை.

லூர்து பாத்ரூமைத் திறந்து பார்த்தாள். ஒருவர் தூண்களுக்கு நடுவே பள்ளத்தை எட்டிப் பார்த்தார். மாரிச்சாமி நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினார். நானும் பின்னால் ஓடினேன்.

பாலத்தைத் தாண்டி, ரோட்டோரம், டீக்கடைக்குப் பக்கத்தில் வீல்சேர் நின்றது. சூசை தனியாக இருந்தார். கையில் டீகூட இல்லை. பூப்பாறையிலிருந்து வந்த பஸ் ஒன்று அவரைக் கடந்து போனது. அது வளைவில் மறையும்வரை பார்த்தார். பிறகு அடுத்த பக்கம் திரும்பி ஒரு லாரியைப் பார்த்தார்.

மாரிச்சாமி அவரிடம் ஓடப் போனார். நான் கையைப் பிடித்து நிறுத்தினேன். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து எத்தனையோ கட்டிடம் பார்த்தாகிவிட்டது. ஒரு ஸ்லாப்பைப் பார்த்து எனக்கு அழுகை வந்தது அன்றுதான்.

சூசை நிதானமாகச் சக்கரத்தைத் தள்ளிக்கொண்டு திரும்பி வந்தார். லூர்து வாசலில் நின்றாள்.

"எங்க போனீக? எல்லாரும் தேடுதாக. ஃபாதர் நிக்காக."

"ரோட்டுக்குப் போனேன்."

"எதுக்கு?"

"எதுக்குமில்ல. சும்மா."

லூர்து அவரைத் திட்ட வாயைத் திறந்தாள். திட்டாமல் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். லயத்தில் அவர் பாயில் உட்கார்ந்திருந்த காலமெல்லாம் அவளுக்கும் ஞாபகம் வந்திருக்கும். மாரிச்சாமி தன் கையில் இருந்த நாற்காலியைப் பார்த்தார், பாலத்தைப் பார்த்தார். பிறகு நாற்காலியைத் திண்ணென்று கீழே வைத்து அதில் தானே உட்கார்ந்தார். மூங்கில் இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டிருந்தது.

"அப்ப நாங்களும் சும்மா வரலாமால?"

"வாங்கலே. நாளைக்கே வாங்க. கடையில டீ நான் வாங்கித் தாறேன்" என்றார் சூசை.

ஓவர்சியர் பிள்ளைகளுக்குச் சொல்வது இதுதான். பிளானில் ராம்ப் இருக்கிறதா என்று பார்த்து டிக் போட எல்லோருக்கும் தெரியும். சைட்டுக்குப் போனால் வாசலில் ஒரு நிமிடம் நின்று, அந்த வீட்டில் இருக்கப்போகிற ஆள் யாரையும் கூப்பிடாமல், யாருக்கும் காரணம் சொல்லாமல், சும்மா ரோடு வரைக்கும் போய்விட்டு வர முடியுமா என்று பாருங்கள். முடியாது என்றால் பேனாவை மூடிவிட்டுப் பக்கத்துக் கடையில் ஒரு டீ சொல்லுங்கள். கிளாஸைப் பெஞ்சின் ஓரத்தில் வையுங்கள்.