பச்சையப்பனின் காதும் இரண்டு சப்வூஃபரும்

நகரியில் விசைத்தறி ஓட்டியவர்கள் உரக்கத்தான் பேசுவார்கள். பச்சையப்பனும் அப்படித்தான். மீசை அரும்பும் முன்பே தறிக்கொட்டகைக்குள் போனவன். தொண்ணூறுகளின் நடுவில் நூல் விலை ஏறித் தறிகள் பாதி நாள் நின்றபோது பெங்களூருக்கு ரயிலேறினான். அங்கே புதுப்புதுக் கார்கள் வந்து இறங்கிய நேரம் அது. ஒரு கார் ஸ்டீரியோ கடையில் ஒயர் இழுக்கும் வேலை கிடைத்தது; கை அதில் படிந்தும்விட்டது. பிறகு அத்தை மகள் செல்வியைக் கட்டிக்கொண்டு, திருப்பதியில் ரேணிகுண்டா ரோட்டில் சொந்தக் கடை போட்டான். அவன் ஸ்பீக்கர் மாட்டுவான், அவள் மெஷினில் சீட் கவர் தைப்பாள். மலைக்கு ஆள் ஏற்றும் வண்டிகளால் கடை நன்றாகவே ஓடியது.

ஒரு விஷயத்தை மட்டும் அவளிடம் அவன் சொல்லவில்லை. காது மந்தமாகிக்கொண்டே வந்தது. போன் மணி கேட்பதில்லை. செல்வி மெதுவாகச் சொல்வது பாதிதான் விழும். பாட்டின் கனத்த அடிச்சத்தமான பாஸ் மட்டும் நெஞ்சுக்கூட்டில் முன்போலவே இடித்தது. அதை நம்பித்தான் தொழில் செய்துகொண்டிருந்தான்.

வடமாலபேட்டை ஹரிபாபு குவைத்தில் டிரைவராக இருந்து திரும்பியவன். ஊருக்கு வந்ததும் டூரிஸ்ட் வண்டி ஒன்று வாங்கினான். குவைத்திலிருந்து கம்பளியில் சுற்றிக் கொண்டுவந்த, பாஸுக்கென்றே உள்ள பெரிய ஸ்பீக்கர்களான இரண்டு சப்வூஃபரையும் ஆம்ப்ளிஃபயரையும் தூக்கிக்கொண்டு ஒரு காலையில் கடைக்கு வந்தான்.

"அண்ணா, பின்சீட்ல குந்திக்கினு கீறவனுக்கு முதுகு அதிரணும்" என்றான்.

ஒவ்வொரு சப்வூஃபரிலும் கம்பி சுற்றிய காயில் இரண்டு, காயிலுக்கு நாலு ஓம் மின்தடை. நாலு காயிலையும் ஒன்றாகச் சேர்த்துவிட்டால் ஒரு ஓம்தான் நிற்கும். அந்த ஆம்ப்ளிஃபயர் அதைத் தாங்காமல் சூடேறி அணைந்துவிடும். அதனால் பச்சையப்பன் ஒரு காயிலின் மைனஸை அடுத்த காயிலின் பிளஸ்ஸோடு தொடுத்தான். இப்போது சப்வூஃபர் ஒன்றுக்கு எட்டு ஓம். பிறகு இரண்டு சப்வூஃபரையும் பிளஸ்ஸோடு பிளஸ், மைனஸோடு மைனஸ் சேர்த்தால் மொத்தம் நாலு ஓம். ஆம்ப்ளிஃபயருக்கு அது சரியான பாரம். அன்று பார்த்துச் சிவப்பு ஒயர் தீர்ந்துபோயிருந்தது. இரண்டாவது சப்வூஃபருக்கு இரண்டு பக்கமும் கறுப்பையே இழுத்துவிட்டான்.

ஹரிபாபு டீ குடிக்கப் போயிருந்தான். பச்சையப்பன் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து பாட்டைப் போட்டான். பாடுகிறவரின் குரல் மங்கலாக வந்தது, பாஸ் வரவில்லை. வால்யூமை ஏற்றினான். ஆம்ப்ளிஃபயரில் பச்சை விளக்கு ஒழுங்காக எரிந்தது. நெஞ்சில் ஒன்றும் இடிக்கவில்லை. சீட்டின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தான். கடைசியில் இந்தப் பாஸும் தன் காதைவிட்டுப் போய்விட்டது என்று நினைத்தான்.

மனைவியைக் கூப்பிட்டான்.

"செல்வி, பின்னால வந்து குந்து. பாஸ் கேக்குதா பாரு."

அவள் நூலைக் கத்தரித்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். "பாஸா? டப்பா ரேடியோ மாதிரி கீது மாமா."

அவளுக்கும் கேட்கவில்லை என்றால் கோளாறு காதில் இல்லை. அவன் ஸ்டீரிங்கில் நெற்றியை வைத்துச் சிரித்தான்.

"இன்னாத்துக்கு சிரிக்கிற?"

அப்போதுதான் சொன்னான். தறிச் சத்தத்தில் போன காது, அதை மறைத்த வருஷங்கள், இப்போது வந்த பயம், எல்லாவற்றையும். அவள் முன்னால் எட்டிப் பாட்டை நிறுத்தினாள்.

"அப்போ நான் பேசும்போதெல்லாம் கேக்காமதான் தலையாட்டிக்கினு இருந்தியா?"

"பாதி கேக்கும்."

"மீதிப் பாதி?"

"நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்னு ஆட்டிடுவேன்."

அவளுக்குக் கோபமும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. "நாளைக்கி டாக்டராண்ட போறோம். இப்போ மொதல்ல இத்தப் பாரு" என்றாள்.

அவன் ஆம்ப்ளிஃபயரிலிருந்து ஒயர்களைக் கழற்றி, சுவர்க்கடிகாரத்தின் பேட்டரி செல்லை எடுத்து அதன் இரு முனையிலும் அவற்றைத் தொடவைத்தான். செல்வி குனிந்து இரண்டு சப்வூஃபரின் கூம்புகளையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னொரு தபா தொடு. ஒண்ணு வெளியே வருது, ஒண்ணு உள்ள போவுது மாமா."

ஒரே நிறத்து ஒயரில் பிளஸ்ஸும் மைனஸும் இடம் மாறியிருந்தன. ஒரு சப்வூஃபர் காற்றைத் தள்ள, மற்றது அதே காற்றை இழுக்க, இரண்டின் பாஸும் ஒன்றையொன்று அடித்து இல்லாமல் செய்திருந்தன. ஒயரை மாற்றிக் கட்டிவிட்டுப் பாட்டைப் போட்டான். முதல் அடியிலேயே நம்பர் பிளேட் கடகடத்தது. பச்சையப்பன் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டான். டீக்கடையிலிருந்து ஓடிவந்த ஹரிபாபு பின்சீட்டில் சாய்ந்து கண்ணை மூடி, "சால பாகுந்தி அண்ணா" என்று தெலுங்கில் மெச்சினான்.

மறுநாள் காது டாக்டர் சோதித்துப் பார்த்தார். கீச்சுச் சத்தம் போனது போனதுதான், கனத்த சத்தம் அப்படியே இருக்கிறது என்று சொல்லி, காதில் மாட்டிக்கொள்ள ஒரு மெஷின் கொடுத்தார். வீட்டில் அதை மாட்டிக்கொண்ட முதல் நாள், செல்வி பாத்திரம் தேய்க்கும்போது தனக்குத்தானே பேசிக்கொள்வாள் என்பது அவனுக்குத் தெரிந்தது. அவன் அதைச் சொல்லவில்லை, உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தான்.

அதன்பின் எந்த வண்டியானாலும் செல்வி பார்த்துச் சொன்ன பிறகுதான் சாவியைக் கொடுப்பது. அவன் ஓட்ட, அவள் பின்சீட்டில் உட்கார்ந்து பாட்டைக் கேட்டுக்கொண்டே ரேணிகுண்டா வரை போய்த் திரும்புவார்கள். குரல் தெளிவாக இருக்கிறதா என்று அவள் சொல்வாள், பாஸை அவன் சொல்வான். வேலை சரியாக அமைந்த நாட்களில், திரும்பும் வழியில் வண்டியை ஓரமாக நிறுத்தி அந்தப் பாட்டு முடியும்வரை கேட்பார்கள்.