கோடாலிப் பாட்டு

எண்பதுகளின் தொடக்கத்தில், கோவில்பட்டிக் கல்லூரியில் நாங்கள் நான்கு பேர் ராக் பாடினோம். கித்தார் வைத்திருந்தவன் டாக்டர் வீட்டுப் பையன். இங்கிலீஷ் பாட்டுக் கேசட்டுகளை அவன் வீட்டில்தான் முதலில் கேட்டேன். டிரம், கல்யாண பேண்டுக்காரர்களிடம் இரவல். கல்லூரி விழாவுக்கு மரங்களைக் காப்பாற்றச் சொல்லி ஒரு பாட்டு வேண்டும் என்று அவன் சொன்னதும், நான் எழுதுகிறேன் என்று முந்திக்கொண்டேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். மழை ஏன் பொய்க்கிறது, கண்மாய் ஏன் வற்றுகிறது, எல்லாவற்றுக்கும் விடை தெரிந்துவிட்டதாக நம்பினேன். ‘கோடாலிக் கொலைகாரா, நில்லடா’ என்று பல்லவி எழுதினேன்.

எழுதும்போது அய்யாவின் நினைப்பு வரவில்லை என்றால் அது பொய். நாகலாபுரம் பக்கத்தில் வேலிக்கருவை மரத்தை வெட்டி அடுக்கி, மேலே மண் பூசி, மூட்டம் போட்டுக் கரி சுடுகிறவர் என்னைப் பெற்ற அய்யா. அந்தக் கரிதான் என்னைப் படிக்க வைத்தது. பாட்டில் வேறு யாரையோ திட்டுவதாக எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

விழாவன்று கரி லாரியில் தொற்றிக்கொண்டு அவர் வந்துவிட்டார். நான் மேடையில் பாடுவதை அம்மாவிடம் பீற்றியிருந்தேன். அது அவர் காதுக்குப் போயிருக்கிறது. குளிக்க நேரமில்லை. மூக்கிலும் இமையிலும் கரி. மண்டபத்தின் கடைசிச் சுவரோரம் நின்றார்.

இரண்டாவது சரணம் முடிந்ததும் கித்தார்க்காரன் கையை நீட்டினான். மைக்கில் கத்தினான்: “அங்க பாருங்கடா! கொலைகாரன் நேர்லயே வந்துட்டான்!”

மண்டபம் முழுக்கத் திரும்பியது. ஊளை, விசில். அய்யாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. தன்னை வரவேற்கிறார்கள் என்று நினைத்துவிட்டார். பல் தெரியச் சிரித்து, எல்லாப் பக்கமும் திரும்பிக் கும்பிட்டார்.

அடுத்தது பல்லவி. அது என் முறை. டிரம் எனக்காகக் காத்து அடித்துக்கொண்டிருந்தது. பாடினேன். ‘கொலைகாரா’ என்ற இடத்தில் முந்நூறு விரல்கள் அவரை நோக்கி நீண்டன. கும்பிட்ட கை மெல்லக் கீழே இறங்கியது.

விழா முடிந்து நாங்கள் வெளியே வந்தபோது அய்யா வேப்பமரத்தடியில் நின்றிருந்தார். எங்களுக்குப் பத்தடி தள்ளி.

“யார்ரா அந்தாளு? உன்னையே பாக்கான்?” என்றான் கித்தார்க்காரன்.

“எங்க ஊர்க்காரரு.”

அய்யா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு லாரியைப் பார்த்து நடந்தார்.

சனிக்கிழமை ஊருக்குப் போனேன். அய்யாவும் அம்மாவும் வெட்டுக் காட்டில் இருப்பதாகப் பக்கத்து வீட்டில் சொன்னார்கள். போய் நின்றதும் வெட்டுக்காரர்களில் ஒருவர், “ஏலே, பாட்டுக்காரரு வந்துட்டாரு. கோடாலியை ஒளிச்சு வைங்கடா, போலீசக் கூப்பிட்டுரப் போறாரு” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அன்று மண்டபத்து வாசலில் நின்று பார்த்த லாரி டிரைவர் ஒன்று விடாமல் சொல்லியிருந்தார்.

அய்யா சிரிக்கவில்லை. தன் கோடாலியை என் கையில் கொடுத்தார்.

“அந்தப் பாட்டப் படிங்க. படிச்சுக்கிட்டே வெட்டுங்க.”

பிறந்ததிலிருந்து அவர் என்னை ‘ஏலே’ என்றுதான் கூப்பிட்டிருக்கிறார்.

“அய்யா, நான் வேணும்னு…”

“சத்தமா. அன்னைக்கு மைக்குல கேட்டுச்சுல்லா, அம்புட்டுச் சத்தமா.”

பாடினேன். மற்றவர்கள் பாட்டுக்கு ஏற்ப வெட்டினார்கள். ‘கொலைகாரா’வில் ஐந்து கோடாலிகளும் சேர்ந்து விழுந்தன. அப்படி ஒரு தாளம் எங்கள் மேடையில் ஒருநாளும் அமைந்ததில்லை. நான் நிறுத்தினால் அவர்களே பல்லவியை எடுத்துக் கொடுத்தார்கள். உச்சி வெயிலில் உள்ளங்கை கிழிந்து கோடாலிக்காம்பு வழுக்கியது.

அம்மா கஞ்சிப் பானையைத் திறந்து வழக்கம்போல முதல் கும்பாவை அய்யாவிடம் நீட்டினாள். அவர் வாங்கவில்லை.

“மொதல்ல அவியளுக்குக் குடு,” என்றார், என்னைக் காட்டி. “நம்ம ஊர்க்காரவியள்லா.”