போர்வைக்குப் பின்னால் இரண்டு ஆம்ப்ளிஃபயர்கள்

எங்கள் வீட்டில் மனிதர்களைவிட ஆம்ப்ளிஃபயர்களுக்குத்தான் அடிக்கடி உடம்பு சரியில்லாமல் போகும். நைனா, அதாவது என் அப்பா, தன் கிடாருக்கென்று எந்தப் பெட்டியை வாங்கி வந்தாலும் கொஞ்ச காலம் அதைக் கொஞ்சுவார். பிறகு ஒருநாள் முகத்தைச் சுளித்துக்கொண்டு, "போர்வைய இழுத்து மூடிக்கினு பேசற மாதிரி கீதுப்பா" என்பார். அவ்வளவுதான், அதன் ஆயுள் முடிந்தது. அது போய் வேறொன்று வரும். சில சமயம் பெட்டி அப்படியே இருக்க, உள்ளே இருக்கும் ஸ்பீக்கர் மட்டும் மாறும். கல்மண்டபம் பகுதியில் நாங்கள் இருந்த ஒன்றரை அறை வீட்டில் கட்டிலுக்கடியில் எனக்கும் தம்பிக்கும் ஒளிந்து விளையாட இடமில்லாமல் போனதற்கு, ஓய்வுபெற்ற ஸ்பீக்கர்களே காரணம்.

நைனா திருவொற்றியூரில் ஒரு தொழிற்சாலையில் இரும்புத் தகடு வெட்டும் இயந்திரத்தில் வேலை பார்த்தார். அவரோடு வேலை செய்தவர்கள் வீட்டுக்கு வந்தால் தெருமுனை வரை பேச்சு கேட்கும். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடம் தண்ணீர் கேட்பதைக்கூடச் சண்டைக்குக் கூப்பிடுவது போலக் கேட்பார்கள். அது அவர்களுடைய குணம் என்று நினைத்திருந்தேன். விடுமுறை நாட்களில் நைனா ஓர் இன்னிசைக் குழுவில் கிடார் வாசித்தார். அம்மன் கோயில் திருவிழா, மாதா கோயில் திருவிழா, கல்யாண வரவேற்பு, எல்லாவற்றுக்கும் அதே குழு, அதே மினுங்கும் சட்டைகள்.

நைனாவின் காதுக்கு எங்கள் பக்கத்தில் தனி மரியாதை இருந்தது. கல்யாண மண்டபத்தைத் தாண்டிப் போகும்போது உள்ளே வாசிக்கிறவனின் கிடாரில் ஒரு கம்பி சுருதி இறங்கியிருந்தால், அது எந்தக் கம்பி என்று சைக்கிளை நிறுத்தாமலே சொல்வார். அதனால் குழுவில் கீபோர்டு வாசித்தவர் ஒவ்வொரு கச்சேரிக்குப் பிறகும் புலம்பியதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

"அண்ணே, உன் சவுண்டு காதுல ஊசிய வுட்டு ஆட்டுற மாதிரி கீது. கொஞ்சம் ட்ரெபிளைக் கொறச்சுக்கோயேன்."

"உன் காது பேஜாரு. போய் டாக்டராண்ட காட்டு" என்பார் நைனா.

அப்படியிருக்கும்போதுதான், கப்பலில் ஃபிட்டராக இருந்த என் தாய்மாமா, விடுப்பில் வரும்போது ஒரு வால்வு ஆம்ப்ளிஃபயர் கொண்டுவந்தார். ஏதோ ஒரு வெளிநாட்டுத் துறைமுக நகரத்தில் தனியாள் ஒருவர் தன் வீட்டுப் பின்கட்டில் உட்கார்ந்து கையாலேயே செய்து விற்கும் பெட்டியாம். கடையில் கிடைக்காதாம். பழுப்புத் தோல் உறை, ஒலியைக் கூட்டிக் குறைக்கத் தந்த நிறத்தில் திருகுகள், முன்பக்கம் கோதுமை நிறத் துணி. அம்மா அதைத் தொடுவதற்கு முன் கையைத் துடைத்துக்கொண்டாள்.

விம்கோ நகரில் ரேடியோ, டிவி ரிப்பேர் கடை வைத்திருந்த என் சித்தப்பாவுக்கு இது தாங்கவில்லை. வெளிநாட்டுக்காரன் கையால் செய்வதைத் தன்னால் செய்ய முடியாதா என்று, கழித்துப்போட்ட பழைய ரேடியோக்களின் கண்ணாடி வால்வுகளைப் பிடுங்கிச் சேர்த்து, உடைந்த பீரோவின் பலகையை அறுத்து, தானும் ஒன்று செய்தார். மாமாவின் விடுப்பு முடிவதற்குள் செய்துவிட வேண்டும் என்பதால் உறை போட நேரமில்லை. முன்பக்கத்துக்கு எங்கள் சித்தியின் பழைய கதர்ப் புடவைத் துண்டு.

இரண்டு பேரும் எங்கள் வீட்டில் சந்தித்துக்கொண்டபோது சண்டை மூண்டது. ஆம்ப்பில்தான் எல்லாம் இருக்கிறது என்றார் மாமா. சித்தப்பா ஒப்பவில்லை.

"பாதி சவுண்டு ஸ்பீக்கர்ல கீது மாமு. உன் ஆம்ப்ப என் ஸ்பீக்கர்ல மாட்டிப் பாரு. உன் சவுண்டு என்து மாதிரி, என் சவுண்டு உன்து மாதிரி பூடும்."

தீர்ப்புச் சொல்ல நைனாவைவிட்டால் யார்? ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பரீட்சை என்று முடிவானது.

வஞ்சிரக் குழம்பு வாசனை இன்னும் போகாத அறையின் குறுக்கே கயிறு கட்டி, மயில் போட்ட போர்வையைத் தொங்கவிட்டார்கள். பின்னால் இரண்டு பெட்டிகளும் கிடாரோடு சித்தப்பாவும். முன்னால் ஒரு ஸ்டூலில் நைனா, போர்வைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, சன்னலைப் பார்த்தபடி. எது எப்போது ஒலிக்கிறது என்று அவருக்குத் தெரியக்கூடாது. எனக்கு இரண்டு பக்கமும் போய்வர அனுமதி இருந்தது. பெட்டிகளின் பின்புறம் திறந்திருந்தது. சுவிட்சைப் போட்டதும் கண்ணாடி வால்வுகளுக்குள்ளே ஆரஞ்சு நிறத்தில் மெல்ல மெல்ல நெருப்புக் கண் திறந்தது. சூடான தூசி வாசனை வந்தது. அந்த வாசனையே ஒரு விழா போல இருந்தது எனக்கு.

முதலில் மாமாவின் பெட்டி. சித்தப்பா ஒரு சிறிய மெட்டை வாசித்தார். கண்ணாடி டம்ளரைக் கரண்டியால் தட்டியது போலத் தெளிவு. ஒவ்வொரு கம்பியும் தனித்தனியாக எழுந்து நின்று பெயர் சொன்னது. பிறகு அதே மெட்டு சித்தப்பாவின் பெட்டியில். இது வேறு ஆள். கருப்பட்டிப் பாகு ஊற்றியது போலக் கெட்டியாக, இருட்டாக, இனிப்பாக இருந்தது. பாட்டே மாறிவிட்டதோ என்று தோன்றும் அளவுக்கு வித்தியாசம். நாலாம் வகுப்புப் படித்த எனக்கே அது பளிச்சென்று தெரிந்தது.

நைனா தலையைத் திருப்பாமல் சிரித்தார். "இன்னாடா, ஒரே பெட்டியில ரெண்டு தபா வாசிச்சு என்னை ஏமாத்துறியா?"

எல்லோரும் சிரித்தோம். நைனா இப்படி முகத்தை வைத்துக்கொண்டு கேலி செய்வது வழக்கம்தான். மாமாவுக்கு மட்டும் ரோஷம் வந்துவிட்டது. "மச்சான், காமெடி பண்ணாத. கடல் தாண்டித் தூக்கிக்கினு வந்துகீறேன்" என்றார்.

"சரி, ஸ்பீக்கர மாத்து" என்றார் நைனா.

இரண்டையும் அணைத்தார்கள். ஸ்பீக்கர் இல்லாமல் வால்வு ஆம்ப்பை ஓடவிட்டால் உள்ளே எரிந்துபோகும் என்று சித்தப்பா பயந்து பயந்து ஒயர்களை மாற்றினார். இப்போது சித்தப்பாவின் ஆம்ப், மாமாவின் ஸ்பீக்கர். மறுபடி நெருப்புக் கண்கள் திறந்தன. சித்தப்பா வாசித்தார். கருப்பட்டிப் பாகில் கண்ணாடித் துண்டு விழுந்தது போல ஒரு புது ஒலி. "பாத்தியா, பாத்தியா" என்று மாமாவிடம் உதட்டை அசைத்துவிட்டு, ஒலியில் இன்னும் கொஞ்சம் பிரகாசம் கூட்டலாமென்று, மேல்ஸ்தாயியை ஏற்றும் ட்ரெபிள் திருகை முழுக்கத் திருகினார்.

விசில் கிளம்பியது.

பழைய வால்வு ஏதோ ஒன்று அதிர்ந்திருக்க வேண்டும். குக்கர் விசில் போல அல்ல. அதைவிட மெல்லியது, அதைவிட உயரமானது. ஊசி நூலை இழுத்துக்கொண்டு ஒரு காதில் நுழைந்து மறு காதில் வெளியே வருவது போல இருந்தது. நான் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். தம்பி அலறினான். அம்மா முந்தானையால் காதை அடைத்துக்கொண்டு அடுக்களையிலிருந்து ஓடிவந்தாள். மாமாவின் விரல்கள் இரண்டு காதுகளிலும் இருந்தன. சித்தப்பா கம்பிகளிலிருந்து கையை எடுத்துவிட்டார். தெருவில் நாய்கள் குரைக்க ஆரம்பித்தன.

நைனா சன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். தொடையில் விரலால் தாளம் போட்டுக்கொண்டிருந்தார்.

"இன்னாடா நிறுத்திட்டே? வாசி" என்றார். பிறகு, "இந்த நாய்ங்க வேற ஏன் கொலைக்குது?" என்றார்.

அந்த ஊசி அறை முழுவதும் தைத்துக்கொண்டே இருந்தது. நைனா திரும்பினார். நான், தம்பி, அம்மா, மாமா, கயிற்றுக்கு மேலாக எட்டிப் பார்த்த சித்தப்பா, எல்லோருடைய கைகளும் காதில் இருப்பதை ஒவ்வொருவராகப் பார்த்தார். உதட்டோரம் சிரிப்பு வந்தது. நாங்கள் பதிலுக்குக் கேலி செய்கிறோம் என்று நினைத்திருப்பார். பிறகு தம்பியின் கண்ணில் நீரைப் பார்த்தார்.

"இன்னா?"

"விசில் அடிக்குதுண்ணா" என்றார் சித்தப்பா. "கேக்கல?"

"எங்க?"

நைனா கோபப்பட்டுப் பார்த்திருக்கிறேன். என் தாத்தா செத்தபோது அழுததைப் பார்த்திருக்கிறேன். இந்த முகத்தைப் பார்த்ததில்லை. படி இறங்கிக்கொண்டிருக்கும்போது கடைசிப் படி இல்லை என்று காலுக்குத் தெரியுமே, அந்த நேரத்து முகம். நான் அம்மாவின் பின்னால் போய் நின்றுகொண்டேன். ஏன் என்று எனக்குத் தெரியவில்லை.

சித்தப்பா சுவிட்சுக்குக் கை நீட்டினார். "நிறுத்தாத" என்றார் நைனா.

போர்வையை விலக்கிக்கொண்டு போய் முட்டி போட்டு உட்கார்ந்தார். கோதுமை நிறத் துணியில் காதை ஒட்டவைத்தார். ஒரு காதை, பிறகு மறு காதை. மாமா பதறி, "மச்சான், வேணாம், கிட்டப் போவாத" என்றார். நைனா எழுந்து என்னைக் கூப்பிட்டார்.

"கண்ணு, இங்க வா. சத்தம் கேக்கும்போது கையத் தூக்கு. நின்னதும் எறக்கிடு. செய்வியா?"

விளையாட்டு என்று தெரிந்ததும் என் பயம் போய்விட்டது. சித்தப்பா திருகைக் குறைத்தார். விசில் நின்றது. நான் கையை இறக்கினேன். கூட்டினார், தூக்கினேன். சித்தப்பா ஏமாற்றுவது போல மெதுவாகத் திருகிப் பார்த்தார். நான் ஏமாறவில்லை. நைனாவின் கண் பெட்டியில் இல்லை, என் கையிலேயே இருந்தது. கை மேலே போகும்போதெல்லாம் அவர் மூச்சை அடக்கிக்கொண்டு தலையைச் சாய்த்தார். கை இறங்கியதும் மூச்சை விட்டார். கடைசிவரை நான் ஒன்றுகூடத் தப்பாகத் தூக்கவில்லை. பெருமையோடு திரும்பிப் பார்த்தேன். யாராவது கை தட்டுவார்கள் என்று எதிர்பார்த்தேன். மாமா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அம்மா அடுக்களைக்குள் போய்விட்டிருந்தாள். அங்கிருந்து ஒரு பாத்திரச் சத்தமும் வரவில்லை.

"போதும்டா" என்றார் நைனா. சித்தப்பா அணைத்தார். வால்வுகள் கொஞ்ச நேரம் கனன்றுகொண்டிருந்துவிட்டு அணைந்தன.

எந்த ஆம்ப் உசத்தி, எந்த ஸ்பீக்கர் உசத்தி என்று அன்றைக்குத் தீர்ப்பு வரவில்லை. அதற்குப் பிறகும் யாரும் கேட்கவில்லை. மாமாவும் சித்தப்பாவும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துச் சித்தப்பாவின் பெட்டியை வண்டியில் ஏற்றினார்கள். அவர்கள் ஒருவருக்கொருவர் உதவி செய்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

காது டாக்டர் சொன்னது, தொழிற்சாலை இரைச்சல் மேல்ஸ்தாயி ஒலிகளைப் பல வருடங்களாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிட்டது என்பது, போனது திரும்பாது என்பது, இதெல்லாம் நான் பெரியவளான பிறகு அம்மா சொல்லித் தெரிந்துகொண்டவை. மந்தமாகிப்போனது பெட்டிகள் அல்ல. ஒலியில் பிரகாசம் குறைகிறதென்று அவர் திருகைக் கூட்டிக்கொண்டே போக, கேட்டவர்கள் காதில் அது ஊசியாக இறங்கியிருக்கிறது. நைனா கிடாரை விடவில்லை. தகடு வெட்டும் வேலையையும் விட முடியவில்லை. ஆனால் அதற்குப் பிறகு கச்சேரியில் ஆம்ப்பின் திருகுகளை அவர் தொடவே இல்லை. கீபோர்டுக்காரரே வந்து தன் காதுக்குச் சரியாக இருக்கும்படி வைத்துவிட்டுப் போவார். நைனா அவரைப் பார்த்துத் தலையாட்டுவார், பிறகு வாசிப்பார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், எல்லோரும் போன பிறகு, நைனா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். நான் அந்தப் பக்கம் போனேன். கையசைத்து நிறுத்தினார்.

"கண்ணு, கொலுசு போட்டுக்கினு கீறியா?"

போட்டிருந்தேன். நிறைய முத்து வைத்த, அடி வைத்தால் ஊசியாகச் சிணுங்கும் கொலுசு. அதைப் போட்டுக்கொண்டு குதிக்கிறேன் என்று அம்மாவிடம் தினமும் திட்டு வாங்குவேன்.

"கொஞ்சம் நடந்து காட்டு" என்றார்.

கேட்கவும் வேண்டுமா? பாவாடையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு, நாட்டியக்காரி போலப் பாதத்தைத் தட்டித் தட்டி வாசல்வரை போய்த் திரும்பி வந்தேன். நைனா என் காலைப் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, தலையை ஒரு பக்கம் சாய்த்துக்கொண்டிருந்தார். "இன்னொரு தபா" என்றார். இன்னும் பலமாகத் தட்டி நடந்தேன். அடுக்களைக் கதவைப் பிடித்துக்கொண்டு அம்மா நின்றிருந்தாள். அன்றைக்கு அவள் திட்டவில்லை.

"சோக்கா கீதா நைனா?" என்று கேட்டேன்.

அவர் கண்ணைத் திறக்க நேரமானது.

"சோக்கா கீதும்மா" என்றார்.

அவருக்கு அவ்வளவு பிடித்துவிட்டது என்ற சந்தோஷத்தில், இருட்டும்வரை அந்த அறையில் குறுக்கும் நெடுக்குமாக நான் நடந்துகொண்டே இருந்தேன்.